பொறுப்பு கைமாறும் 16 வாரங்கள்: செட்டிநாட்டில் அறிவியல் பெண்களுக்கான வலையமைப்புக்குப் புதிய தன்னார்வத் தலைமை அமைக்க முழுமையான வழிகாட்டி

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953 ஜனவரி 14 அன்று ஆய்வகம் திறக்கப்பட்டது. லித்தியம் மின்கல ஆய்வாளரான ந. கலைச்செல்வி 2019இல் அதன் முதல் பெண் இயக்குநரானார்; 2022இல், அந்த ஆய்வகத்தை நடத்தும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) முழுவதற்கும் தலைமை இயக்குநரான முதல் பெண்ணும் அவரே. அதே வட்டாரத்தில் அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி, உமையாள் இராமநாதன் மகளிர் கல்லூரி, தேவகோட்டை வரை பரவிய மேல்நிலைப் பள்ளிகள். அறிவியல் படித்த, படிக்கிற, படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி வர நினைக்கிற பெண்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் சிறிய ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இவர்களை இணைக்கும் வலையமைப்பு தொடங்குவது எளிது. நாலு பேர் பேசி, ஒரு வாட்ஸ்அப் குழு திறந்தால் ஆயிற்று. அது உடைவது பெரும்பாலும் முதல் ஒருங்கிணைப்பாளர் விலகும் நேரத்தில். அவருக்கு மாற்றலாகிறது, அல்லது முனைவர் பட்டம் முடிந்து வெளிநாடு போகிறார், அல்லது குழந்தை பிறக்கிறது. எல்லா வேலையும் அவர் தலையிலேயே இருந்ததால், "அவ்வளவும் என்னால் முடியாது" என்று மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். சம்பள வேலையும் வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணிடம் மூன்றாவதாக ஒரு முழுநேர வேலையைக் கொடுக்க முடியாது. ஆகவே ஆள் தேடும் முன் வேலையை ஆள் அளவுக்கு வெட்ட வேண்டும். கீழே உள்ள 16 வாரத் திட்டம் அந்த வரிசையில் போகிறது.

எப்போது தொடங்குவது

மே முதல் வாரம். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தம், கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு. அந்த மாதங்களில் ஆசிரியைகளை எதற்கும் அழைக்க வேண்டாம். மே தொடக்கத்தில் தொடங்கினால் 16ஆவது வாரம் ஆவணியில் வரும். ஆடியில் புதிதாக எதையும் ஏற்கத் தயங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த மாதத்தைக் கூட இருந்து கற்றுக்கொள்வதற்கு வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்குறை இராது. புதிய குழுவுக்குப் பெரிய சோதனை பிப்ரவரியில் வரும்: 11ஆம் தேதி அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான பன்னாட்டு நாள், 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள். ஆவணியில் பொறுப்பேற்றவர்களுக்கு அதற்குமுன் ஐந்து மாதம் கிடைக்கும். ஜனவரியில் பொறுப்பேற்றவர்கள் பிப்ரவரியிலேயே சோர்ந்துவிடுவார்கள்.

வாரம் 1–3: வேலைப் பதிவேடு

ஒரு 80 பக்க நோட்டு போதும். கடந்த 12 மாத வாட்ஸ்அப் குழுவையும் மின்னஞ்சலையும் மேலிருந்து கீழே படித்து, நடந்த ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதுங்கள். யார் செய்தார், எவ்வளவு நேரம் ஆனது, எந்த மாதம், யாரைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது என்ற நான்கையும் பக்கத்திலேயே குறியுங்கள். "நிகழ்ச்சி நடத்துதல்" என்று மொத்தமாக எழுதுவதால் பயனில்லை. அரங்கத்துக்கு அனுமதிக் கடிதம், பேச்சாளருக்கு நினைவூட்டல், புரொஜெக்டர் வயர், தேவகோட்டையிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்து நேரம், தேநீருக்கு ஆள் எண்ணிக்கை, வருகைப் பதிவு, மறுநாள் நன்றிக் கடிதம் என்று உடைத்து எழுதினால்தான் உண்மையான சுமை தெரியும்.

எழுதி முடித்ததும் மூன்று நிறத்தில் கோடிடுங்கள். தொடர வேண்டியவை பச்சை. வேறொருவருக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடியவை நீலம். நிறுத்திவிடலாம் என்பவை சிவப்பு. சிவப்பில் ஒன்றுமே விழவில்லை என்றால் மறுபடி பாருங்கள். யாரும் படிக்காத மாத இதழ், மூன்று பேர் மட்டும் வரும் ஞாயிறு இணையக் கூட்டம் என ஏதாவது கட்டாயம் இருக்கும். புதியவர்கள் தலையில் பழைய பழக்கங்களை ஏற்றாதீர்கள்.

மீதியை ஆறு பொறுப்புகளாகக் கட்டுங்கள். இணை ஒருங்கிணைப்பாளர் இருவர், ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று மணி நேரம். கணக்கு, மாதம் நான்கு மணி நேரம். நிகழ்ச்சி, மாதம் ஆறு. வழிகாட்டி இணைப்பு, அதாவது மூத்தவரை இளையவரோடு சேர்த்துவிட்டு இடையிடையே விசாரிப்பது, மாதம் ஆறு. தகவல் தொடர்பு, வாரம் ஒரு மணி. தகவல் தொடர்பில் இருப்பவர் உதவித் திட்டங்களின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண் திட்டம், 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவியரை அறிவியல் படிப்புக்கு ஊக்குவிக்கும் விஞ்ஞான் ஜோதி, இடைவெளிக்குப்பின் ஆய்வுக்குத் திரும்புவோருக்கான மத்திய அரசின் வைஸ்-கிரண் திட்டங்கள். விண்ணப்பத் தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தந்தத் துறையின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். பழைய ஃபார்வர்டு செய்தியை நம்பி ஒரு பெண் ஒரு வருடத்தை இழக்கக்கூடும்.

ஒருங்கிணைப்பாளர் ஏன் இருவர்? ஒருவர் பேறுகால விடுப்பில் போனாலும், ஆய்வேடு சமர்ப்பிக்கும் நெருக்கடியில் இருந்தாலும் வலையமைப்பு நிற்காது. ஒருவர் ஆய்வகம் அல்லது பல்கலைக்கழகத்திலிருந்தும் மற்றவர் கல்லூரி அல்லது பள்ளியிலிருந்தும் வந்தால் நல்லது. இருவரும் ஒரே நிறுவனத்தவரானால் மற்ற இடத்துப் பெண்கள் இதை "அவங்க சங்கம்" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பதவிக்காலம் 2 ஆண்டு. இருவரின் காலமும் ஒன்றாக முடியக் கூடாது. முதல் முறை ஒருவருக்கு ஒரு ஆண்டு, மற்றவருக்கு இரண்டு என்று வைத்தால் அதன்பின் வருடத்துக்கு ஒருவர் மட்டும் மாறுவார்.

வாரம் 4–6: ஆளைக் கேட்பது

"விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்" என்று குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தால் கை தூக்குபவர்கள் இரண்டே வகை: ஏற்கெனவே நிறையச் செய்கிறவர்கள், அல்லது சான்றிதழ் வேண்டியவர்கள். திறமையிருந்தும் தன்னைத் தகுதியானவராக நினைக்காத பெண்தான் நமக்கு அதிகம் தேவைப்படுகிறவர், அவர் பொது அழைப்புக்குப் பதில் சொல்ல மாட்டார். பொது அறிவிப்பைப் போடுங்கள், அது நேர்மைக்கு அவசியம். அதோடு நிறுத்தாமல் 12 முதல் 15 பேரை நேரில் பார்த்துக் கேளுங்கள். பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர், திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கத்துப் பெயர்களும் அதில் இருக்கட்டும். அறிவியல் படித்துவிட்டு இப்போது வேலையில் இல்லாதவர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் மறந்துவிடாதீர்கள். பொறுப்போடு கணக்கு எழுதுவதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

கேட்கும் விதத்தில்தான் பாதிப் பதில் இருக்கிறது. "நீங்க தலைமை ஏத்துக்கணும் மேடம்" என்றால் எவரும் பின்வாங்குவார். இப்படிக் கேளுங்கள்: "இடம் பிடிக்கிறது, வர்றவங்க பேரு எழுதுறது, பேச்சாளருக்கு நினைவுபடுத்துறது. மாசம் ஆறு மணி நேரம், ரெண்டு வருஷம். முதல் ரெண்டு மாசம் நான் கூடவே இருப்பேன். உன்னோட ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் இல்லாம ஒத்துவருமாம்மா?" வேலை, நேரம், முடியும் நாள், துணை ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். உடனே சொல்லச் சொன்னால், வீட்டில் பேசாமலேயே சரி என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போவார்கள். மாலைக் கூட்டமும் சனிக்கிழமையும் உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வு மாணவியராக இருந்தால் எந்த ஆண்டில் இருக்கிறார் என்று பாருங்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இரண்டு ஆண்டும் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) மூன்று ஆண்டுமாக உதவித்தொகை ஐந்து ஆண்டுக்கு வரும். முதல் ஆண்டில் பாடத்தேர்வு, கடைசி ஆண்டில் ஆய்வேடு. இரண்டாம் ஆண்டின் நடுவிலிருந்து நான்காம் ஆண்டின் நடுவரை ஏற்ற காலம். வழிகாட்டிப் பேராசிரியரிடம் அந்தப் பெண்ணே முன்கூட்டிப் பேசிவிடுவது நல்லது. பின்னால் வேறொருவர் வாயால் அவர் கேள்விப்பட்டால் சுமை அவள்மேல்தான் விழும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். ஊழியர்களுக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964 பொருந்தும். அதன் 15ஆம் விதிப்படி சமூக, அறிவியல் நோக்கமுள்ள ஊதியமில்லாப் பணியைச் செய்யலாம். ஆனால் தேர்தல் வழியாக ஒரு பொறுப்பை ஏற்க முன் அனுமதி வேண்டும். 12ஆம் விதிப்படி நன்கொடை திரட்டவும் அனுமதி வேண்டும். மாநில அரசு ஊழியர்களான ஆசிரியைகளுக்கு 1973ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. எனவே அரசு ஊழியர் ஒருவரைப் பொறுப்புக்கு நினைத்தால் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க நான்காவது வாரத்திலேயே தொடங்குங்கள். கணக்குப் பொறுப்பையும் நிதி திரட்டுவதையும் அரசு ஊழியர் அல்லாதவரிடம் கொடுப்பது சிக்கலைக் குறைக்கும்.

வாரம் 7: தேர்வு

ஒரு பொறுப்புக்கு ஒருவர் மட்டும் முன்வந்தால் கூட்டத்தில் தெரிவித்து, ஏழு நாள் ஆட்சேபம் கேட்டு, உறுதிசெய்யுங்கள். இருவர் வந்தால் வாக்கெடுப்புக்கு முன் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் ஒருவர் நிகழ்ச்சியையும் ஒருவர் வழிகாட்டி இணைப்பையும் எடுத்துக்கொள்வார்கள். வாக்கெடுப்பு அவசியமானால் ரகசியமாக நடத்துங்கள். தோற்றவருக்கு ஒரு வாரத்துக்குள் உண்மையான ஒரு வேலை கொடுங்கள்.

வலையமைப்பு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவானதா? அப்படியானால் துணைவிதி சொல்லும் முறைப்படிதான் பொதுக்குழு கூட்ட வேண்டும். அச்சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும், பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. குழு மாறியதை மாவட்டப் பதிவாளருக்கு உரிய படிவத்தில் தெரிவிக்காவிட்டால், வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது அங்கேதான் முட்டிக்கொள்ளும்.

வாரம் 8–15: கூட இருந்து கற்பது

செட்டிநாட்டுச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஏஜெண்டு ஊர் திரும்பும்போது ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்து அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பார். கடையில் அவருக்குக் கீழே அடுத்தாள் ஒருவர் ஏற்கெனவே வேலை பழகிக்கொண்டிருப்பார். இந்த மண்ணுக்குத் தெரிந்த அந்த முறையே இங்கும் பொருந்தும்: எட்டு வாரமும் புதியவர் அடுத்தாள்.

முதல் இரண்டு வாரம் பழையவர் செய்வார், புதியவர் பார்ப்பார். அடுத்த மூன்று வாரம் இருவரும் சேர்ந்து. கடைசி மூன்று வாரம் புதியவர் செய்வார், பழையவர் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்க மாட்டார். இந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். புதியவர் ஒரு கடிதத்தைத் தன் பாணியில் எழுதும்போது பழையவர் கை துறுதுறுக்கும். தேதி, தொகை, பெயர், பாதுகாப்பு ஆகியவற்றில் பிழை இருந்தால் மட்டும் திருத்துங்கள். நடையை விட்டுவிடுங்கள்.

இந்த எட்டு வாரத்துக்குள் குறைந்தது ஒரு முழு நிகழ்ச்சி நடக்க வேண்டும். 25 பேர் வரும் எளிய சந்திப்பு போதும். காலை 10:30 முதல் மாலை 3:30 வரை வையுங்கள், அப்போதுதான் வெளியூர்ப் பெண்கள் இருட்டும் முன் வீடு திரும்புவார்கள். யார் வீட்டிலும் வேண்டாம், ஏதாவது ஒரு கல்லூரி வகுப்பறையில் நடத்துங்கள். குழந்தையோடு வருபவருக்குப் பக்கத்து அறையில் ஒரு ஜமுக்காளமும் ஒரு தன்னார்வலரும் இருந்தால், வழக்கமாக வராத சிலர் வருவார்கள்.

தொடர்புகளைக் கைமாற்றுவதும் இப்போதுதான். துறைத்தலைவர்கள், தலைமையாசிரியர்கள், அரங்கப் பொறுப்பாளர் என முக்கியமான 10 பேரிடம் புதியவரை நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். எண்ணை மட்டும் அனுப்பினால், அவர்கள் மறுபடியும் பழையவரைத்தான் அழைப்பார்கள்.

வாரம் 12–16: கணக்குகளும் கடவுச்சொற்களும்

மிக அதிகமாகக் கோளாறு நடப்பது இங்கே.

மின்னஞ்சல், டிரைவ், படிவங்கள் எல்லாம் ஒருவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தால் அவர் படிப்பு முடித்து வெளியேறியதும் நிறுவனம் அந்தக் கணக்கை மூடும்போது அத்தனையும் போய்விடும். வலையமைப்பின் பெயரில் தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, கோப்புகளை அங்கே நகலெடுங்கள். பகிர்ந்தால் மட்டும் போதாது. உரிமையாளர் கணக்கு அழிந்தால் பகிரப்பட்ட கோப்பும் அழியும். அந்த மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். விலகியவரின் எண்ணாக இருந்தால், ஓ.டி.பி. கேட்டு நள்ளிரவில் சிங்கப்பூருக்கு அழைக்க வேண்டிவரும். எண்ணை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதியவர் கைப்பேசிக்குக் கொண்டுவாருங்கள், பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து உறையிலிட்டு இரு ஒருங்கிணைப்பாளர்களிடமும் கொடுங்கள். கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நேரில் உட்கார்ந்து புதியவரே மாற்றட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் மூன்று அட்மின்கள். ஒரே அட்மின் இருந்து அவர் விலகினால், செயலியே யாரையாவது அட்மின் ஆக்கிவிடும். பழைய உறுப்பினர் கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போகக்கூடும் என்பதால், பதிலே வராத எண்களை ஆண்டுக்கொரு முறை நீக்குங்கள். பெண்களின் படமும் எண்ணும் உள்ள குழுவில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பது பெரிய ஆபத்து.

உறுப்பினர் பட்டியலில் பெயர், நிறுவனம், துறை, எண் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆதார் எண், சாதி, திருமண நிலை ஆகியவை இருந்தால் அழித்துவிட்டுப் பட்டியலைக் கைமாற்றுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட மாணவியரின் விவரமோ படமோ பெற்றோர் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இருக்கக் கூடாது.

பணம்

தொகை சிறிதாக இருந்தாலும் முறை முழுதாக இருக்க வேண்டும். கடைசி நாளில் வரவு, செலவு, கையிருப்பு, வரவேண்டியது, தரவேண்டியது என ஐந்தொகை எடுத்து, பழையவர், புதியவர், மூன்றாம் நபர் ஒருவர் ஆக மூவர் கையெழுத்திட வேண்டும். ₹200க்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. ஆட்டோ, பேருந்துக்கு ரசீது கிடைக்காதபோது தேதி, தடம், தொகை எழுதிய வவுச்சர்.

வங்கியில் கையெழுத்து மாற்றக் குழுத் தீர்மானத்தின் நகல், புதியவர்களின் பான், ஆதார், படம் கேட்பார்கள். 12ஆவது வாரத்திலேயே தொடங்கினால்தான் 16ஆவது வாரம் முடியும். கையெழுத்து உரிமையை மூவருக்குக் கொடுத்து, அவர்களில் எவரேனும் இருவர் சேர்ந்து கையெழுத்திடும் முறையை வையுங்கள். சேர்ந்து இயக்கும் கணக்கிலிருந்து பெரும்பாலும் யூ.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்ப இயலாது. அவசரச் செலவுக்கு ₹2,000 ரொக்கம் கணக்குப் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். வசதிக்காகத் தனிநபரின் யூ.பி.ஐ.யில் சந்தா வாங்கும் பழக்கத்தை இந்த மாற்றத்தோடு முடித்துவிடுங்கள். நல்லவர்மீது சந்தேகம் விழுவது இப்படித்தான்.

செட்டிநாட்டில் எழும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவினர்கள் மனமுவந்து உதவ வருவார்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுக்கும் பணம், நம் ஊரில் பிறந்தவரே கொடுத்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஆகும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் வராது. புதிய கணக்குப் பொறுப்பாளருக்கு இதை எழுதியே கொடுங்கள்.

ஒரு பெண் புகாரோடு வந்தால்

பொறுப்பேற்கும் முன்பே இரு ஒருங்கிணைப்பாளர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வகத்திலோ கல்லூரியிலோ பாலியல் தொல்லை என்று ஒருவர் சொன்னால் வலையமைப்பு விசாரிக்கக் கூடாது. சமரசம் பேசக் கூடாது, பெயரைக் குழுவில் போடக் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத வேண்டும், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. உங்கள் வேலை கேட்பது, நாள் கடந்துவிடாமல் பார்ப்பது, அவர் விரும்பினால் கூடப் போவது. ஒவ்வொரு நிறுவனத்தின் உள் புகார்க் குழுத் தலைவர் யார் என்ற பட்டியல் ஒப்படைப்பு உறையில் இருக்கட்டும். பள்ளி மாணவியரோடு எந்தச் சந்திப்பும் பள்ளி வளாகத்தில், ஆசிரியை முன்னிலையில் மட்டும். வழிகாட்டி ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஒப்படைத்த பிறகு

முதல் 90 நாளில் புதிய குழு புதுத் திட்டம் எதையும் அறிவிக்காமல், பச்சைக் கோடிட்ட வேலைகளை மட்டும் தவறாமல் செய்தால் போதும். பழையவர் மூன்று மாதம், வாரம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் தம் அட்மின் பொறுப்பை, புதியவர் பொறுப்பேற்ற நாளன்றே அவர் விட்டுவிட வேண்டும். உறுப்பினர்கள் பழக்கத்தில் அவரைக் கேட்டால், "இனி அவங்ககிட்ட கேளுங்க" என்று எண்ணைக் கொடுப்பதோடு சரி.

யாராவது இரண்டு மாதக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராமல், பதிலும் சொல்லாமல் இருந்தால் இணை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் நோய், மாமியாருக்கு அறுவை சிகிச்சை, ஆய்வில் முட்டுக்கட்டை என்று ஏதாவது இருக்கும். மூன்று மாத விடுப்பு கொடுத்து, அவர் வேலையை இருவருக்குப் பிரியுங்கள். விலகினாலும் பழி இல்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அப்போதுதான் முடியாதபோது முடியவில்லை என்று நேரத்தோடு சொல்வார்கள்.

ஆறாம் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக ஒன்றைச் சேருங்கள்: ஆறு பொறுப்பாளரும் ஆளுக்கு ஒரு அடுத்தாளின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல முடியாத பொறுப்பு எதுவோ, அதன் வேலைப் பதிவேட்டை அன்றே எடுத்து மறுபடி பிரியுங்கள்.